‘ஃபேர்’ என்னும் ஆங்கிலச் சொல்: மறுவின்மையிலிருந்து நியாயம் வரை

ஆங்கிலம் கற்கத் தொடங்கும் ஒருவர் ‘ஃபேர்’ என்ற சொல்லை அகராதியில் புரட்டிப் பார்த்தால் திகைத்துப்போவார். நியாயமான, அழகான, வெளிர்நிறமான, சுமாரான, கணிசமான, மழையற்ற, அடித்தல் திருத்தல் இல்லாத என்று ஒன்றோடொன்று ஒட்டாத பொருள்கள் அங்கே வரிசையாக நிற்கும். நீதிபதிக்கும் வானத்துக்கும், தலைமுடிக்கும் மதிப்பெண் பட்டியலுக்கும் ஒரே அடைமொழி எப்படிப் பொருந்துகிறது என்று அவர் கேட்டால் அது நல்ல கேள்விதான். இந்தப் பொருள்களைத் தனித்தனியே மனப்பாடம் செய்வது வீண் உழைப்பு என்பது என் கருத்து. இவற்றையெல்லாம் கோத்து நிற்கும் சரடு ஒன்று உண்டு. அதைக் கையில் பிடித்துக்கொண்டால் பட்டியலில் பெரும்பகுதி தானாகவே விளங்கிவிடும்.

அந்தச் சரடு ‘மறுவின்மை’ என்பதுதான். முகத்தில் மறு இல்லையென்றால் அழகு. வானத்தில் மேகம் இல்லையென்றால் நல்ல வானிலை. தாளில் திருத்தம் இல்லையென்றால் தூய நகல். ஆட்டத்தில் ஏமாற்று இல்லையென்றால் நேர்மை. இருக்கக் கூடாத ஒன்று இல்லாமல் இருக்கிறது என்ற செய்தியைத்தான் ‘ஃபேர்’ இடத்துக்கு இடம் வேறு வேறு உருவில் சொல்லிக்கொண்டிருக்கிறது. சொல்லின் வரலாறும் இதற்கு இடம் கொடுக்கிறது. ஏறத்தாழ 1100ஆம் ஆண்டுக்கு முன் வழங்கிய பழைய ஆங்கிலத்தில் இதன் மூதாதைச் சொல்லுக்கு ‘கண்ணுக்கு இனிய, அழகிய’ என்றே பொருள். அதற்கு உறவான, ஆங்கிலத்தின் இனமொழியாக இருந்து வழக்கொழிந்துபோன கோத்திக் மொழிச் சொல்லுக்கோ ‘தகுந்த, பொருத்தமான’ என்று பொருள். ஆக, அழகும் பொருத்தமும் இந்தச் சொற்குடும்பத்தில் தொடக்கம் முதலே அக்கம்பக்கத்தில் இருந்தவை.

ஒரு சொல்லின் பொருளைப் பிடிக்க அதன் எதிர்ச்சொல்லைப் பார்ப்பது நல்ல வழி. இன்று ‘ஃபேர்’ என்பதற்கு எதிர்ச்சொல் கேட்டால் எல்லாரும் ‘அன்ஃபேர்’ என்பார்கள். ஆனால் அதைவிட உயிருள்ள பழைய எதிர்ச்சொல் ‘ஃபவுல்’ ஆகும். விளையாட்டு வழியாக இந்தச் சொல் நமக்கெல்லாம் பழக்கம்தான் என்றாலும், அதன் முதற்பொருள் அழுகியது, நாறுவது, அழுக்கானது என்பது பலருக்குத் தெரிந்திருக்காது. ‘ஃபேர் வெதர்’ என்றால் தெளிந்த வானிலை, ‘ஃபவுல் வெதர்’ என்றால் மழையும் சூறையும் கொண்ட மோசமான வானிலை. கப்பலுக்குச் சாதகமாக வீசுவது ‘ஃபேர் விண்ட்’, எதிர்த்து வீசுவது ‘ஃபவுல் விண்ட்’. விதிப்படி ஆடுவது ‘ஃபேர் பிளே’. ‘ஃபவுல் பிளே’ என்பது விதிமீறலோடு நிற்காமல், ஒரு மரணத்தில் சதி இருக்கலாம் என்று காவல்துறையினர் ஐயப்படும்போது சொல்லும் தொடராகவும் ஆகிவிட்டது. நேர்வழியோ குறுக்குவழியோ, எப்படியாவது சாதிப்பதை ‘பை ஃபேர் மீன்ஸ் ஆர் ஃபவுல்’ என்பார்கள். இந்த இணைகளை அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும்போது, ஒருபக்கம் அழுக்கும் மறுபக்கம் அழுக்கின்மையும் நிற்பது கண்ணுக்கே தெரிகிறது.

இந்த இணைகளில் எனக்கு மிகவும் பிடித்தது எழுத்து தொடர்பானது. ரஃப் நோட்டில் எழுதி, பிறகு ஃபேர் நோட்டில் படி எடுத்த எவருக்கும் ‘ஃபேர் காப்பி’ என்பதை விளக்க வேண்டியதில்லை: அடித்தல் திருத்தல் இல்லாமல், பிறர் படிக்கும்படியாகத் தெளிவாக எழுதிய இறுதிப் படி அது. நியாயம், நிறம், சுமார் என்ற மூன்று பொருளும் இங்கே துளியும் பொருந்தாது. மறுவின்மை மட்டுமே பொருந்தும். ஷேக்ஸ்பியர் காலத்து ஆங்கில நாடகங்களை ஆராயும் அறிஞர்கள், நாடக ஆசிரியர் அடித்தும் செருகியும் எழுதிய முதல் வரைவை ‘ஃபவுல் பேப்பர்ஸ்’ என்றும், அதைப் பார்த்துச் சுத்தமாக எடுத்த படியை ‘ஃபேர் காப்பி’ என்றும் இன்றும் குறிப்பிடுகிறார்கள். அழுக்குத்தாளும் தூய தாளும் என்று சொல்லிவிடலாம்.

கடலிலும் தொழிற்கூடத்திலும் இதே பொருள் சற்று உருமாறி, ‘தடங்கல் இல்லாத’ என்று ஆகிறது. துறைமுகத்துக்குள் கப்பல்கள் பாறையிலோ மணல்திட்டிலோ மோதாமல் போய்வரக்கூடிய நீர்வழிக்கு ‘ஃபேர்வே’ என்று பெயர். கோல்ஃப் திடலில் புல்லைச் சீராக வெட்டி வைத்திருக்கும் பாதைக்கும் அதே பெயர்தான். கப்பல் கட்டுவோர் உடற்பகுதியின் வளைவுகளை மேடுபள்ளம் இல்லாமல் வழுவழுப்பாக்குவதை ‘ஃபேர்’ என்றே வினைச்சொல்லாகச் சொல்வார்கள். அந்த வினையிலிருந்து பிறந்ததுதான், விமானத்திலும் மோட்டார் சைக்கிளிலும் காற்றுத் தடையைக் குறைக்கப் பொருத்தப்படும் மூடியான ‘ஃபேரிங்’. அந்த மூடிக்கும் நீதிமன்றத் தீர்ப்புக்கும் ஒரே வேர் என்பதை முதன்முதலில் அறிந்தபோது எனக்கு ஏற்பட்ட வியப்பு இன்னும் தீரவில்லை.

வானிலை அறிக்கையில் இந்தச் சொல்லுக்குத் துல்லியமான அளவே உண்டு. அமெரிக்காவின் தேசிய வானிலைச் சேவை பெரும்பாலும் இரவு நேர வானத்தைக் குறிக்க ‘ஃபேர்’ என்று எழுதுகிறது: வானத்தில் எட்டில் மூன்று பங்குக்கும் குறைவாகவே அடர்ந்த மேகம் இருக்க வேண்டும், மழையோ பனியோ பெய்யக் கூடாது, காற்றும் வெப்பமும் பார்வைத் தெளிவும் எல்லை மீறிப் போகக் கூடாது. நிபந்தனைகள் எல்லாமே ‘இது இல்லை, அது இல்லை’ என்ற எதிர்மறை வடிவில் இருப்பதைக் கவனிக்க வேண்டும். சொல்லின் இயல்பு அப்படி.

இனி, இன்றைய ஆங்கிலத்தில் மிகுதியாக வழங்கும் ‘நியாயமான’ என்ற பொருளுக்கு வருவோம். விளையாட்டில் இது எளிதாகவே விளங்கும். கிரிக்கெட் விதிகளில் முறையற்ற ஆட்டத்துக்கென்றே 41ஆவது விதி இருக்கிறது. எது முறையானது, எது முறையற்றது என்பதற்கு நடுவர்கள் மட்டுமே நீதிபதிகள் என்று அது சொல்கிறது. பந்துவீச்சாளரின் கை தோள் உயரத்தை எட்டிய பிறகு, பந்து கையை விட்டுப் போகும்வரை முழங்கையை நிமிர்த்தக் கூடாது என்பதும் ‘ஃபேர் டெலிவரி’ என்ற தலைப்பில்தான் வருகிறது. பேஸ்பாலில் இந்தச் சொல் ஒழுக்கத்தை விட்டுவிட்டு இடத்தையே குறிக்கும்: மட்டையாளர் முன் விரியும் இரண்டு கோடுகளுக்கு இடைப்பட்ட பரப்பு ‘ஃபேர்’, வெளிப்பரப்பு ‘ஃபவுல்’. கோடுகளுக்குப் பெயர் ‘ஃபவுல் லைன்’ என்றாலும், கோட்டின் மேலேயே விழும் பந்து ‘ஃபேர்’ என்றே கணக்கில் சேரும்.

விளையாட்டைத் தாண்டி வாழ்க்கைக்குள் வந்தால் இந்தச் சொல் ஆழமாகிறது, மொழிபெயர்ப்பதும் கடினமாகிறது. ‘ஃபேர்’ என்பதும் ‘ஈக்வல்’ என்பதும் ஒன்றல்ல. உயரமானவரும் குள்ளமானவரும் ஒரே உயரமுள்ள முக்காலியில் ஏறி நின்று மதிலுக்கு அப்பால் பார்க்க முயன்றால், அவர்களுக்குக் கிடைத்தது சமமான உதவி. இருவருக்கும் மதிலைத் தாண்டிப் பார்வை போகும்படி அவரவருக்கு ஏற்ற முக்காலி கொடுத்தால் அதை ‘ஃபேர்’ என்று பலர் சொல்வார்கள். அதே போல ‘இம்பார்ஷல்’ என்பது தீர்ப்புச் சொல்பவரின் மனநிலையைக் குறிக்கும், அதாவது ஒருபக்கம் சாயாமை. ‘ஃபேர்’ என்பதோ நடைமுறையையும் விளைவையும் அதில் சிக்கியவரின் மனக்குறையின்மையையும் சேர்த்துக் குறிக்கும்.

இந்த வேறுபாடுகளை ஒரே வாக்கியத்தில் அருகருகே காண வேண்டுமானால், ஐக்கிய நாடுகள் சபை 1948 டிசம்பர் 10 அன்று ஏற்றுக்கொண்ட உலக மனித உரிமைப் பிரகடனத்தின் 10ஆவது பிரிவைப் படிக்கலாம். தன் உரிமைகளும் கடமைகளும் தன்மீதான குற்றச்சாட்டும் தீர்மானிக்கப்படும்போது எவருக்கும், முழுமையான சமத்துவத்தோடு, நியாயமான, வெளிப்படையான விசாரணையை, எவருக்கும் கட்டுப்படாத, பக்கம் சாராத நடுவர் மன்றத்திடம் பெறும் உரிமை உண்டு என்பது அதன் சாரம். அங்கே சமத்துவத்துக்கு ஒரு சொல், கட்டுப்படாமைக்கு ஒரு சொல், பக்கம் சாராமைக்கு ஒரு சொல் என்று தனித்தனியே வந்துவிட்டன. இவ்வளவும் சொன்ன பிறகும், விசாரணை ‘ஃபேர்’ ஆக இருக்க வேண்டும் என்று தனியே சொல்லத் தேவை இருந்திருக்கிறது. நடுவர் நல்லவராகவே இருந்தாலும், குற்றஞ்சாட்டப்பட்டவருக்குத் தன் தரப்பைச் சொல்லப் போதிய நேரம் தரப்படவில்லை என்றால் அந்த விசாரணையில் ஒரு மறு விழுந்துவிடுகிறது. அந்த மறு இல்லாமைதான் அந்தச் சொல்லின் வேலை. ஜெர்மன் மொழியினர் தம் மொழிச் சொல் எதுவும் இதற்கு முழுதாகப் பொருந்தவில்லை என்பது போல, ‘ஃபேர்’, ‘ஃபேர்னஸ்’ என்ற ஆங்கிலச் சொற்களையே கடன் வாங்கிப் புழங்குகிறார்கள்.

பண்டம் ஒன்றை இருவர் பங்கிட்டுக்கொள்வதற்குக் கணிதம் ஏற்கும் மிகப் பழைய முறையும் இந்தக் கருத்தைத் தெளிவாக்கும். ஒருவர் வெட்ட வேண்டும். மற்றவர் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும். வெட்டுபவர் தனக்கு எந்தத் துண்டு மிஞ்சினாலும் சம்மதம் என்று தோன்றும்படி வெட்டுவார்; எடுப்பவர் தனக்குப் பெரிதாகத் தோன்றுவதை எடுப்பார். துண்டுகளைத் தராசில் நிறுத்தால் எடை வேறுபடலாம், ஆனால் இருவர் மனத்திலும் குறை இராது. அதனால் அது ‘ஃபேர்’. நிகழ்தகவுப் பாடத்தில் வரும் ‘ஃபேர் காயின்’ இன்னும் எளியது: பூவுக்கும் தலைக்கும் சரிபாதி வாய்ப்புள்ள, ஒருபக்கம் கனக்காத நாணயம்.

தமிழில் இதற்கு நியாயம், நேர்மை, நடுநிலை, முறை என்று பல சொற்கள் கைகொடுக்கின்றன. ஆனால் ‘ஃபேர்’ என்பதன் பொருட்பரப்பை ஏறத்தாழ அப்படியே தாங்கி நிற்கும் ஒரு தமிழ்ச்சொல் உண்டென்றால், அது ‘செம்மை’ என்பேன். தமிழ் அகராதிகள் அந்தச் சொல்லுக்குச் சிவப்பு, நேர்மை, நடுநிலை, நேராக இருத்தல், சீர், தூய்மை, அழகு, சிறப்பு என்று பொருள் தருகின்றன. வளையாத கோல் செங்கோல். வளைந்த கோல் கொடுங்கோல். ஒன்று நல்லாட்சிக்கும் மற்றொன்று அநீதிக்கும் பெயராயின. எழுதியதைத் திருத்தி ஒழுங்குபடுத்துவதைச் செம்மையாக்கம் என்கிறோம். அதுதான் ‘ஃபேர் காப்பி’ எடுக்கும் வேலை. இன்னொன்றும் உண்டு: வெளிர்நிறத் தோல் உள்ளவரை ஆங்கிலத்தார் ‘ஃபேர்’ என்பது போல, பேச்சுத் தமிழில் நாமும் ‘நல்ல சிவப்பு’ என்கிறோம். ஒன்றோடொன்று உறவில்லாத இரண்டு மொழிகளில், நிறமும் அழகும் நேர்மையும் ஒரே சொல்லுருவில் வந்து சேர்ந்திருக்கின்றன.

இந்த நிறப் பொருளைப் பற்றி நிதானமாகவே பேச வேண்டும். முதலில் ‘ஃபேர்’ என்றால் அழகு. நிறத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நார்வேயின் முதல் மன்னராகக் கருதப்படும், 9ஆம் நூற்றாண்டில் பிறந்த ஹரால்டை ஆங்கிலத்தில் ‘ஃபேர்ஹேர்’ என்று அழைக்கிறார்கள். படிப்பவர் பலர் அவருக்குப் பொன்னிற முடி என்று எண்ணிக்கொள்கிறார்கள். ஆனால் மூல நார்ஸ் மொழிப் பட்டப்பெயருக்கு ‘அழகிய முடியுடையவர்’ என்றே பொருள். நாடு முழுவதையும் வெல்லும்வரை முடியை வெட்டுவதில்லை, சீவுவதில்லை என்று சபதம் எடுத்து, வென்ற பிறகு அதைத் திருத்திக்கொண்டதால் அந்தப் பெயர் வந்ததாக அங்குள்ள கதை சொல்கிறது. பிற்காலத்தில், வெளிர்நிறமே அழகு என்று கருதிய சமூகத்தில், அழகைக் குறித்த சொல் மெல்ல மெல்ல அந்த நிறத்தையே குறிக்கத் தொடங்கியது. ஆக, இந்தப் பொருளுக்குள் ஒரு மதிப்பீடு ஒளிந்திருக்கிறது. ‘ஃபேர் ஸ்கின்’ என்று சொல்பவர் நிறத்தை மட்டும் சொல்லவில்லை. என்றோ யாரோ சொன்ன அழகுத் தீர்ப்பையும் தம்மை அறியாமல் சேர்த்துச் சொல்கிறார். 2020ஆம் ஆண்டில், இந்தியாவில் பல பத்தாண்டுகளாக விற்றுவந்த முகப்பூச்சு ஒன்று தன் பெயரிலிருந்தே இந்தச் சொல்லை நீக்கிக்கொள்ள நேர்ந்தது இதனால்தான். எழுதும்போது தோலின் நிறத்தைக் குறித்தே ஆக வேண்டுமென்றால் ‘லைட்’ என்ற சொல் போதும்; அது நிறத்தோடு நின்றுவிடும். பொன்னிற முடியைக் குறிக்கும் ‘ஃபேர் ஹேர்’ மட்டும் பிரித்தானிய ஆங்கிலத்தில் இன்றும் இயல்பாக வழங்குகிறது.

அழகையும் நியாயத்தையும் விடக் கற்பவர்களை அதிகமாக இடறச் செய்வது ‘சுமாரான’ என்ற பொருள்தான். உச்சியில் நின்ற சொல் நடுப்படிக்கு இறங்கியது எப்படி? குறை சொல்ல எதுவும் இல்லாதது என்ற பொருளிலிருந்து, குறை சொல்லும்படி இல்லை, ஆனால் புகழும்படியும் இல்லை என்ற பொருளுக்கு வர ஓர் அடிதான் தேவை. நாம் ‘பரவாயில்லை’ என்று சொல்லும்போது நடப்பதும் இதுவே. ஆகவே தரவரிசையில் ‘ஃபேர்’ வந்தால் அதைப் ‘பரவாயில்லை’ என்றே கொள்ள வேண்டும்: எக்ஸலன்ட், குட், ஃபேர், புவர் என்ற ஏணியில் அது ‘குட்’ என்பதற்குக் கீழே நிற்கிறது.

நான் ஒருமுறை திருத்திய மொழிபெயர்ப்பொன்றில், மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவரின் நிலை ‘ஃபேர்’ என்று மூலத்தில் இருந்ததை, ‘நலமாக இருக்கிறார்’ என்று எழுதியிருந்தார்கள். அமெரிக்க மருத்துவமனைகள் நோயாளியின் நிலையை வெளியாருக்குச் சொல்லும்போது குட், ஃபேர், சீரியஸ், கிரிட்டிகல் என்ற சொற்களைப் பயன்படுத்துகின்றன. அவற்றில் ‘ஃபேர்’ என்றால் நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம் முதலியவை நிலையாகவும் இயல்பளவிலும் இருக்கின்றன, நினைவு தெளிவாக இருக்கிறது, தேறுவதற்கான அறிகுறிகள் சாதகமாக உள்ளன, ஆனால் உடலில் வேதனை இருக்கக்கூடும் என்று பொருள். ‘நிலை சீராக உள்ளது’ என்று திருத்தினோம். உறவினர் ஒருவர் படித்துவிட்டு நிம்மதி அடைவதா பதறுவதா என்பதைத் தீர்மானிக்கும் சொல் அது. அங்கே ஒரு படி மேலே போனாலும் தவறு, கீழே போனாலும் தவறு. ஒருவர் கடனை ஒழுங்காகத் திருப்பிக் கட்டுவாரா என்று கணிக்கும் கடன் மதிப்பெண்ணிலும் இந்த நடுப்படிக்கு எண்ணால் ஆன எல்லையே உண்டு. அமெரிக்காவின் ஃபைகோ மதிப்பெண் 300 முதல் 850 வரை போகும். அதில் 580 முதல் 669 வரை ‘ஃபேர்’, 670 தொட்டால்தான் ‘குட்’.

இதற்கு நேர்மாறாக, அளவைக் குறிக்கும் பெயர்ச்சொல்லோடு சேர்ந்தால் ‘ஃபேர்’ குறைப்பதில்லை, கூட்டுகிறது. ‘எ ஃபேர் அமவுன்ட்’, ‘எ ஃபேர் நம்பர்’, ‘எ ஃபேர் டிஸ்டன்ஸ்’ என்பனவெல்லாம் கணிசமான அளவையே குறிக்கும். இதற்கு அகராதி தேட வேண்டியதில்லை. ‘நல்ல தூரம்’, ‘நல்ல கூட்டம்’, ‘நல்ல மழை’ என்று சொல்லும்போது ‘நல்ல’ என்ற சொல் செய்வதையே ‘ஃபேர்’ அங்கே செய்கிறது. ‘எ ஃபேர் டிஸ்டன்ஸ்’ என்பதை ‘நியாயமான தூரம்’ என்று பெயர்த்தால் படிப்பவர் விழிப்பார்.

வினையடையான ‘ஃபேர்லி’ இரண்டு முகம் கொண்டது. அது வினைச்சொல்லைத் தழுவினால் ‘நியாயமாக’ என்று பொருள்: தொழிலாளர்கள் ‘ஃபேர்லி’ நடத்தப்பட்டார்கள் என்றால் முறையாக நடத்தப்பட்டார்கள். பண்புச்சொல்லைத் தழுவினால் ‘ஓரளவு’ என்று பொருள்: ‘ஃபேர்லி குட்’ என்றால் ஓரளவு நன்று. ‘எ லிட்டில்’ என்பதைவிடக் கூடுதல், ‘வெரி’ என்பதைவிட மிகக் குறைவு. உங்கள் கட்டுரையை ஒருவர் ‘ஃபேர்லி இன்ட்ரஸ்டிங்’ என்று சொன்னால் அவர் அதைக் கொண்டாடவில்லை என்று புரிந்துகொள்ளலாம். ‘நேர்மையாக ஆடு’ என்று சொல்ல ‘பிளே ஃபேர்’ என்றே வழங்குவதும், அங்கே ‘லி’ சேராமலே வினையடையாக வருவதும் நினைவில் கொள்ளத் தக்கவை.

பேச்சில் வரும் தொடர்களில் ‘ஃபேர் எனஃப்’ என்பதைச் சற்று உற்றுக் கேட்க வேண்டும். எதிராளி சொன்ன காரணம் ஏற்கத் தக்கது என்று ஒப்புக்கொள்ளும் தொடர் அது. ‘சரி, நீங்கள் சொல்வதும் நியாயம்தான்’ என்பதற்கு இணை. அந்த ‘உம்’மில் உள்ள அரைமனம் ஆங்கிலத்திலும் இருக்கும். முழு உடன்பாட்டைத் தெரிவிக்க விரும்புபவர் அதைச் சொல்லக் கூடாது. ‘டு பி ஃபேர்’ என்பது, ஒருவரைக் குறை சொல்லிக்கொண்டிருக்கும்போது அவர் பக்கத்து நியாயத்தையும் எடுத்து வைப்பதற்கான முன்னுரை. ‘நியாயமாகப் பார்த்தால்’ என்று சொல்வோம். குழந்தைகள் காலை உதைத்துக்கொண்டு சொல்லும் ‘தட்ஸ் நாட் ஃபேர்’ என்பதை ‘இது அநியாயம்’ என்று பெயர்க்கலாம்தான். ஆனால் அது விளையாட்டில் எழுந்த கூக்குரலாக இருந்தால் ‘இது அழுகுணி ஆட்டம்’ என்பதுதான் அந்தக் குழந்தை தமிழில் சொல்லியிருக்கக் கூடியது.

சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் முற்றிலும் தவறிப்போகும் தொடர் ஒன்றும் உண்டு: ‘ஃபேர் கேம்’. இதற்கும் விளையாட்டுக்கும் தொடர்பில்லை. ‘கேம்’ என்பதற்கு வேட்டை விலங்கு என்ற பொருளும் இருக்கிறது. வேட்டையாட அனுமதிக்கப்பட்ட விலங்கே ‘ஃபேர் கேம்’. அதிலிருந்து, விமர்சிப்பதற்கோ கேலிக்கோ தாக்குதலுக்கோ தடையில்லாத ஆளையும் பொருளையும் குறிக்கலாயிற்று. பொதுவாழ்வில் இருப்பவரின் கொள்கைகள் ‘ஃபேர் கேம்’, ஆனால் அவருடைய குழந்தைகள் அப்படியல்ல என்று ஒருவர் எழுதினால், கொள்கைகளை யார் வேண்டுமானாலும் விமர்சிக்கலாம், குழந்தைகளை இழுக்கக் கூடாது என்பதே பொருள். ‘ஃபேர்-வெதர் ஃப்ரெண்ட்’ என்பவர், குளத்தில் நீர் உள்ளவரை தங்கிவிட்டு வற்றியதும் பறந்துவிடும் பறவை போன்ற நண்பர்.

சட்டத்தில் இந்தச் சொல் எழுதுபவர் ஒவ்வொருவரையும் தொடும். பிறருடைய படைப்பின் ஒரு பகுதியை அனுமதி கேட்காமலே எடுத்தாளும் உரிமையை அமெரிக்காவில் ‘ஃபேர் யூஸ்’ என்கிறார்கள். 1976ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 107ஆவது பிரிவு, பயன்பாட்டின் நோக்கம், மூலப் படைப்பின் தன்மை, எடுத்த பகுதியின் அளவு, மூலத்தின் சந்தைக்கு ஏற்படும் பாதிப்பு ஆகிய நான்கையும் எடைபோடச் சொல்கிறது. இந்தியாவின் 1957ஆம் ஆண்டுச் சட்டமும் பிரிட்டனின் 1988ஆம் ஆண்டுச் சட்டமும் ‘ஃபேர் டீலிங்’ என்ற தொடரைப் பயன்படுத்துகின்றன. அது, சட்டம் பெயர் சொல்லிக் குறிப்பிட்ட நோக்கங்களுக்கு மட்டுமே செல்லும் குறுகிய சலுகை. இரண்டையும் ஒன்றென்று எண்ணி எழுதுபவர்கள் ஏராளம். அவதூறு வழக்குகளில், சொன்னது தன் கருத்துதான் என்று முன்வைக்கும், ‘ஃபேர் காமெண்ட்’ என்று வழங்கிய தற்காப்பு வாதத்தை, இங்கிலாந்தில் 2013ஆம் ஆண்டு அவதூறுச் சட்டம் நீக்கிவிட்டு, அதன் இடத்தில் ‘ஆனஸ்ட் ஒப்பீனியன்’, அதாவது உண்மையாகக் கொண்ட கருத்து, என்ற பெயரில் புதிய பிரிவை வைத்தது. அந்தக் கருத்து நடுநிலையாக இருக்க வேண்டும் என்று சட்டம் ஒருபோதும் கேட்டதில்லை. ஒருவர் உண்மையில் கொண்டிருக்கக் கூடிய கருத்தா என்பதையே பார்த்தது. ‘ஃபேர்’ என்ற சொல் அங்கே வழிதவறச் செய்ததால், அது விலகியது சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

ஒலியால் ஒன்றாகத் தோன்றி, வேறு குடும்பத்தைச் சேர்ந்த சொற்களும் உண்டு. கண்காட்சியையும் சந்தையையும் குறிக்கும் ‘ஃபேர்’, புத்தகக் கண்காட்சி என்னும்போது வருவது, விழாநாளைக் குறித்த இலத்தீன் சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. பயணக் கட்டணத்தைக் குறிக்கும் ‘ஃபேர்’ எழுத்தில் வேறுபடும். அது பயணம் செய்தலைக் குறித்த பழைய ஆங்கில வினையிலிருந்து வந்தது. தேவதையைக் குறிக்கும் ‘ஃபேரி’க்கும் நம் அடைமொழிக்கும் உறவே இல்லை.

இவ்வளவையும் தெரிந்துகொண்ட பிறகு, ஒரு வாக்கியத்தில் எந்தப் பொருளை எடுப்பது என்பதற்கு, அந்த அடைமொழி எதைத் தழுவி நிற்கிறது என்று பார்ப்பதே வழி. ஊழியர் ஒருவரின் ஆண்டு மதிப்பீட்டுத் தாளில் மேலாளர் அடுத்தடுத்து இரண்டு வாக்கியங்கள் எழுதியிருப்பதாக வைத்துக்கொள்வோம்: ‘ஹிஸ் வொர்க் இஸ் ஃபேர். வி பிலீவ் திஸ் அசெஸ்மென்ட் இஸ் ஃபேர்.’ முதல் வாக்கியத்தில் அது வேலையின் தரத்தைத் தழுவுகிறது, ஆகவே தரவரிசை ஏணியின் நடுப்படி. இரண்டாவதில் மதிப்பீடு என்னும் செயலைத் தழுவுகிறது, ஆகவே நியாயம். தமிழில் இது இப்படி வரும்: ‘அவருடைய வேலை சுமார். இந்த மதிப்பீடு நியாயமானது என்றே நம்புகிறோம்.’ முதல் வாக்கியத்தையும் ‘அவருடைய வேலை நேர்மையானது’ என்று பெயர்த்துக்கொண்ட ஊழியர், தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு மகிழ்ச்சியோடு வீடு திரும்பிவிடுவார்.